குருஷினியானி: சம்பள பாக்கிக்கு ஈடாகக் கிடைத்த ஊர்

போலந்தின் கிழக்கெல்லையில் உள்ள குருஷினியானி என்ற சிற்றூரைப் பற்றிய காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, தன் உயிரைக் காப்பாற்றிய முஸ்லிம் வீரன் ஒருவனுக்குப் போலந்து அரசன் அந்த ஊரையே பரிசாகக் கொடுத்தான் என்பது உண்மைதானா, அது எங்கே இருக்கிறது, அங்கே இன்னும் முஸ்லிம்கள் வாழ்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் மூன்றாகத் தெரிந்தாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒன்றுதான். கத்தோலிக்க நாடு என்றே அறியப்படும் போலந்தில், மரத்தால் கட்டிய பள்ளிவாசலோடு ஒரு கிராமம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் எப்படி நிலைத்தது, அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் கதையை நம்பலாமா என்பதையே நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். போலந்து–லித்துவேனியக் கூட்டரசின் பதினேழாம் நூற்றாண்டு வரலாறு நான் பயின்று கற்பித்த துறை. அக்காலத்துப் போலிஷ் ஆவணங்களை அச்சிட்ட பதிப்புகளில் படித்திருக்கிறேன். அந்த ஊரைப் பெற்ற முஸ்லிம் சமூகத்தாரான தாத்தார்கள் அரபு எழுத்தில் எழுதிவைத்த சுவடிகளை நேரடியாகப் படிக்கும் பயிற்சி எனக்கில்லை. அவற்றைப் பற்றி இங்கே சொல்வது பிற அறிஞர்களின் வாசிப்பைச் சார்ந்தது.

சுருக்கமான விடை இது: அரசன் நிலம் கொடுத்தது உண்மை, அதற்கு ஆவணம் இருக்கிறது. உயிரைக் காப்பாற்றியதற்காகக் கொடுத்தான் என்பது மட்டும் பொருந்தாது, ஏனெனில் நிலம் கைமாறியது 1679-இல். உயிரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் போர் நடந்ததோ 1683-இல். நன்றிக்காகக் கிடைத்த ஊர் அல்ல அது. கொடுக்க முடியாமல் போன சம்பளத்துக்கு ஈடாகக் கிடைத்தது. அந்த ஈட்டுக்கு ஏன் குறிப்பாக அந்த இடம் அகப்பட்டது என்பதை விளக்க நிலவியலிலிருந்தே தொடங்க வேண்டும்.

குருஷினியானி வடகிழக்குப் போலந்தில், பொட்லாசியே மாநிலத்தின் கிரின்கி வட்டாரத்தில் இருக்கிறது. மாநிலத் தலைநகரான பியாவிஸ்தோக்கிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் சாலைவழி வந்தால் ஊர் வரும்; அங்கிருந்து சில கிலோமீட்டரில் பெலருஸ் எல்லை. பனியுகப் பாளங்கள் தள்ளிக்கொண்டு வந்து விட்டுச்சென்ற மணலும் சரளையும் உருண்டைக் கற்களும் சேர்ந்த அலையலையான மேட்டுநிலம் அது. வடக்கே சுவாவ்கி, மசூரியப் பகுதிகளில் ஏரிகள் நிறைந்திருக்க இங்கே ஏரியே அரிது. கடைசிப் பனியாறு அந்த வடபகுதியோடு நின்றுவிட்டது. குருஷினியானி இருக்கும் நிலத்தை உருவாக்கியது அதற்கும் முந்தைய பனிக்கட்டம், அதன் பள்ளங்கள் காலப்போக்கில் தூர்ந்துவிட்டன. கம்பும் ஓட்ஸும் உருளைக்கிழங்கும் விளையும். செழிப்பான கோதுமை நிலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கம்பு என்றவுடன் நம்மூர்க் கம்பை நினைக்க வேண்டாம், அங்கே கறுப்பு ரொட்டிக்கு அரைக்கப்படும் குளிர்நிலத் தானியமான ரையைச் சொல்கிறேன். மேற்கே குனிஷின் பெருங்காடு.

வரைபடத்தில் எளிதில் கண்ணில் படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஊரருகே ஓடும் நியெதுபா என்ற சிற்றாறு ஷ்விஸ்வோச் ஆற்றில் சேர்கிறது. அது நியெமன் பேராற்றில் கலக்கிறது. பியாவிஸ்தோக்கின் தண்ணீரோ சுப்ரஷ்ல், நாரெவ் வழியாக விஸ்துலாவுக்குப் போகிறது. இரண்டு ஊர்களும் இவ்வளவு அருகில் இருந்தும் இரண்டு வெவ்வேறு ஆற்று வடிநிலங்களைச் சேர்ந்தவை. குருஷினியானியின் தண்ணீர் போகும் திசையிலேதான் அதன் பழைய நிர்வாகமும் இருந்தது: பதினேழாம் நூற்றாண்டில் அது நியெமன் கரையிலுள்ள குரோட்னோவை மையமாகக் கொண்ட அரச பண்ணை நிலத்தின் ஒரு பகுதி. இன்று குரோட்னோ பெலருஸில் இருக்கிறது, ஊர் போலந்தில் இருக்கிறது. இயல்பான சந்தை நகரத்திலிருந்து அறுத்துவிடப்பட்ட ஊர் என்று இதைச் சொல்லலாம். பிற்காலத்தில் அது சுருங்கிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அரச பண்ணை நிலம் என்பது அரசனின் அரண்மனைச் செலவுக்காக ஒதுக்கப்பட்டது; அதன் வருமானம் நேராக அரசனுக்குப் போகும். 1650-களின் நடுவில் ஒரு பக்கம் ஸ்வீடனும் மறுபக்கம் மாஸ்கோவும் கூட்டரசின் மேல் படையெடுத்தபோது இந்தப் பகுதி அடியோடு சீரழிந்தது. கிராமங்கள் எரிந்தன, உழவர்கள் இறந்தார்கள் அல்லது ஓடிப்போனார்கள். வரி கொடுக்க ஆளில்லாத நிலம் அரசன் கையில் ஏராளமாகக் கிடந்தது, கருவூலத்திலோ காசில்லை. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்து நடந்தது வியப்பாகத் தோன்றாது.

தாத்தார்கள் அதற்கும் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே லித்துவேனியாவில் குடியேறியிருந்தார்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில், தங்கக் கூட்டம் எனப்பட்ட மங்கோலிய வழி அரசின் கானாக (அரசனாக) இருந்த தொக்தாமிஷ் தோற்று அடைக்கலம் தேடி வந்த காலத்தில், லித்துவேனியப் பெருங்கோமகன் விட்டவுடஸ் அவர்களை வில்னியஸ், திராகாய் சுற்றுப்புறங்களில் குடியமர்த்தினார். குதிரைமீது போரிடத் தெரிந்த அவர்களுக்கு நிலம் கொடுத்து, பதிலுக்குப் போர்க்காலச் சேவை பெறுவது ஏற்பாடு. நம் கல்வெட்டுகளில் வரும் படைமானியத்துக்கு நெருக்கமானது. 1410-இல் நடந்த குருன்வால்ட் போரிலும் அவர்கள் இருந்தார்கள். தலைமுறைகள் செல்லச் செல்லத் தங்கள் துருக்கிய மொழியை இழந்து, பெலருசியனும் போலிஷும் பேசலானார்கள். ஆனால் அந்த மொழிகளையே அரபு எழுத்தில் எழுதி, தொழுகை முறைகளையும் நபிமார் கதைகளையும் கித்தாப் என்னும் சுவடிகளில் காத்துவந்தார்கள். மொழி போய் மார்க்கம் நிலைத்த சமூகம் என்பதே அவர்களின் தனித்தன்மை.

இதை வைத்து அக்காலப் போலந்தை மதச் சகிப்பின் பொற்காலம் என்று வரைந்துகாட்டும் பழக்கம் இருக்கிறது. அது பாதி உண்மைதான். நிலமுள்ள தாத்தார்கள் பிரபுக்களுக்கு இணையான பல உரிமைகளை அனுபவித்தார்கள், ஆனால் பிரபுக்களின் சபைகளில் வாக்களிக்கவோ பதவி வகிக்கவோ முடியாது. 1609-இல் திராகாயில் இருந்த பள்ளிவாசலை ஒரு கும்பல் இடித்தது. 1616-இல் நாடாளுமன்றம் அவர்கள் கிறிஸ்தவப் பெண்களை மணப்பதைத் தடைசெய்தது. இவற்றோடு, போர்களால் கருவூலம் வறண்ட பிறகு படைச் சம்பளமும் ஆண்டுக்கணக்கில் வராமல் நின்றுபோயிற்று.

அதன் விளைவு 1672-இல் தெரிந்தது. உதுமானியப் படை தெற்கிலிருந்து உள்ளே நுழைந்தபோது, தெற்கெல்லையில் காவலிருந்த தாத்தார்க் குதிரைப்படைகளில் பெரும்பகுதி, அலெக்சாந்தர் கிரிச்சின்ஸ்கி என்ற படைத்தலைவரின் கீழ், சுல்தான் பக்கம் மாறிவிட்டது. மார்க்க ஒற்றுமைதான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மாறியவர்களில் பலர் சில ஆண்டுகளுக்குள் திரும்பி வந்தார்கள் என்பதையும், திரும்பி வருவதற்காக அவர்களோடு பேசப்பட்டவை சம்பள பாக்கியும் பழைய உரிமைகளும்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கூலி கிடைக்காத சிப்பாய்களின் கோபமே முதற்காரணம் என்பது என் முடிவு. இவ்விஷயத்தில் ஆய்வாளர்களிடையே அழுத்தம் கொடுப்பதில் வேறுபாடு உண்டு. சம்பளம் பாக்கி இருந்தது என்பதில் வேறுபாடு இல்லை.

1674-இல் அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றாம் யான் சொபியெஸ்கி படைத்தலைவராகவே வளர்ந்தவர், தாத்தார்களின் பயன் அவருக்கு நன்றாகத் தெரியும். பணமாகக் கொடுக்க வழியில்லாத நிலையில், பாழடைந்து கிடந்த தன் பண்ணை நிலங்களைப் பங்கிட்டுக் கொடுப்பதென்று 1677-இல் முடிவாயிற்று. 1679 மார்ச் 12-ஆம் நாள், நாடாளுமன்றம் குரோட்னோவில் கூடியிருந்தபோது எழுதப்பட்ட பட்டயத்தால், குருஷினியானியும் அதனருகே வுஜானி, நியெதுபா ஆகிய இடங்களின் நிலமும் தாத்தார்ப் படைத்தலைவர் சாமுவேல் முர்சா கிஷெச்சோவ்ஸ்கிக்கும் அவர் படையினருக்கும் கிடைத்தன. தலைவருக்குப் பெரும்பங்கு, மற்றவர்களுக்குப் பதவிக்கேற்ற அளவு. இதே ஏற்பாட்டில் வேறு படைப்பிரிவுகளுக்கு பொஹோனிகி, திராஹ்லே, மலாவிச்சே ஆகிய ஊர்கள் கிடைத்தன. ஆகவே குருஷினியானி ஒரு தனிமனிதனுக்கு அளித்த தனிப்பரிசு அல்ல, பல ஊர்களை உள்ளடக்கிய ஒரு கடன் தீர்ப்பின் ஒரு பகுதி. நிலத்தோடு கடமையும் வந்தது: அழைத்தால் குதிரையோடும் ஆயுதத்தோடும் போருக்கு வர வேண்டும். சம்பள பாக்கியும் அடைபட்டது, பாழ்நிலத்தில் குடியும் ஏறியது, குதிரைப்படையும் கைவசம் இருந்தது. அரசனின் பக்கத்திலிருந்து பார்த்தால் கெட்டிக்காரத்தனமான கணக்கு.

இனிக் கதைக்கு வருவோம். 1683 செப்டம்பரில் வியன்னா முற்றுகையை முறியடித்த பிறகு சொபியெஸ்கி உதுமானியப் படையைத் துரத்திக்கொண்டு தன்யூப் கரையிலுள்ள பார்க்கனிக்குப் போனார். இன்றைய ஸ்லோவாக்கியாவின் ஷ்டூரொவோ அது. அக்டோபர் 7-ஆம் நாள் அங்கே அவர் படை எதிர்பாராமல் தோற்றுச் சிதறியது, அரசரே மயிரிழையில் உயிர் தப்பினார். இரண்டு நாள் கழித்து நடந்த இரண்டாம் மோதலில் வென்றார். இவை ஐயத்துக்கு இடமில்லாதவை. முதல்நாள் குழப்பத்தில் அரசரைக் காத்தவர் கிஷெச்சோவ்ஸ்கிதான் என்பது தாத்தார்களின் மரபுச் செய்தி. தாத்தார்கள் அந்தப் படையெடுப்பில் இருந்தார்கள், அரசருக்கு ஆபத்து நேர்ந்தது, ஆகவே கதை நடந்திருக்கக்கூடிய ஒன்றுதான். ஆனால் அப்படிக் காத்தவர் என்று பெயர் சூட்டிக்கொள்ள அந்நாளில் பல குடும்பங்கள் விரும்பியிருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. கதையை அப்படியே ஏற்றாலும் ஊர் கிடைத்ததற்கு அது காரணமாக முடியாது, நான்காண்டு முன்னரே ஊர் கிடைத்துவிட்டது.

இதன் தொடர்ச்சியாக இன்னொரு செய்தியும் சொல்லப்படும்: 1688-இல் குரோட்னோ நாடாளுமன்றத்துக்குப் போகும் வழியில் அரசர் குருஷினியானிக்கு வந்து கிஷெச்சோவ்ஸ்கியின் வீட்டில் தங்கினார், அங்கே இருந்த லிண்டன் மரங்களின் நிழலில் அமர்ந்தார் என்று. அவ்வாண்டு குரோட்னோவில் நாடாளுமன்றம் கூடியது உண்மை. ஊரும் வழியை விட்டு வெகுதொலைவில் இல்லை. தங்கியிருக்கலாம் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன். நிழலைப் பொறுத்தவரை, அந்தக் கூட்டம் நடந்தது இலையுதிர்ந்து கிடக்கும் குளிர்காலத்தில் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

ஊரின் அமைப்பு எளிமையானது. ஒரு தெருவின் இருபுறமும் மரவீடுகள், நடுவே சற்று உயர்ந்த இடத்தில் கல்சுவர் சூழ, மரங்களுக்கிடையே பள்ளிவாசல். இப்போதுள்ள கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. 1846-இல் அது புதுப்பிக்கப்பட்டது. காணொளிகளில் 1679 என்றே போட்டுவிடுகிறார்கள், அது ஊர் கைமாறிய ஆண்டே தவிர இந்தக் கட்டடத்தின் ஆண்டு அல்ல. பைன் மரத்தால் கட்டி, பச்சை வண்ணம் பூசி, முகப்பில் இரண்டு கோபுரங்களும் கூரை முகட்டில் சிறிய மூன்றாவது ஒன்றும் வைத்திருக்கிறார்கள். உச்சியில் பிறை இல்லாவிட்டால் தொலைவிலிருந்து பார்ப்பவர் கிராமத்து மாதாகோவில் என்றே நினைப்பார். அதற்கு ஆழமான தத்துவ விளக்கம் தேட வேண்டியதில்லை. அந்த வட்டாரத்துத் தச்சர்களுக்குக் கட்டத் தெரிந்த தொழுமிடம் மரத் தேவாலயம்தான், அவர்கள் கைக்குப் பழகியதைக் கட்டினார்கள். உள்ளே ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனி வாசல். ஆண்கள் பகுதியில் தொழுகைத் திசை காட்டும் மாடமான மிஹ்ராபும் உரை மேடையான மிம்பரும் இருக்கின்றன. தரையெங்கும் கம்பளம், சுவர்களில் முஹிர் எனப்படும் திருவசனச் சட்டங்கள்.

பள்ளிவாசலைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், மரங்கள் அடர்ந்த மேட்டில் முஸ்லிம்களின் அடக்கத்தலமான மையவாடி இருக்கிறது. உள்ளூரில் மிசார் என்பார்கள். என்னைக் கேட்டால் ஊரின் உண்மையான ஆவணக் காப்பகம் அதுதான். படிக்கக்கூடிய மிகப் பழைய கல் 1699-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒவ்வொரு கபுரையும் (கல்லறையையும்) சுற்றி வயலில் கிடைத்த உருண்டைக் கற்களைப் பதித்து, தலைமாட்டில் பெரிய கல்லும் கால்மாட்டில் சிறிய கல்லும் நட்டிருக்கிறார்கள். நல்ல மண்ணில்லாத நிலத்தின் கல் இதற்குப் பயன்பட்டது. பழைய கற்களில் அரபு வசனம். பின்னர் அரபோடு போலிஷ் சேர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரஷ்ய எழுத்து நுழைகிறது, ரஷ்யப் படைப்பதவிகளும் பெயரோடு பொறிக்கப்படுகின்றன. பிறகு மீண்டும் போலிஷ். யார் ஆண்டார்கள் என்பதை வரிசையாக அங்கேயே படித்துவிடலாம்.

ஆண்டவர்கள் பலர். 1795-இல் கூட்டரசு மூன்றாம் முறையாகப் பங்கிடப்பட்டு மறைந்தபோது இந்தப் பகுதி பிரஷ்யாவுக்குப் போயிற்று. 1807-இல் டில்சிட் உடன்படிக்கையால் ரஷ்யாவிடம் வந்தது, பின்னர் குரோட்னோ மாகாணத்தில் சேர்ந்தது. ரஷ்ய ஆட்சியில் தாத்தார்க் குடும்பத்து இளைஞர்கள் படையிலும் அரசு அலுவல்களிலும் சேர்ந்து நகரங்களுக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன நிலம் படிப்படியாக பெலருசியன் பேசும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ உழவர்கள் கைக்கு மாறியது. இன்று ஊரில் பெரும்பான்மை அவர்கள்தான். அவர்களுக்கெனத் தேவாலயமும் இருக்கிறது. முஸ்லிம் கிராமம் என்று காணொளிகள் சொல்வதைத் திருத்திக்கொள்ள வேண்டிய இடம் இது. ஊர் வெகுகாலமாகவே கலப்பு ஊர்.

முதல் உலகப்போருக்குப் பின் போலந்து மீண்டும் தோன்றியபோது, 1919-இல் தாத்தார்க் குதிரைப்படைப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. 1925-இல் வில்னியஸில் முஸ்லிம் சமயச் சங்கம் உருவாகி யாகூப் ஷின்கியெவிச் அதன் சமயத் தலைவரான முஃப்தியாகத் தேர்வானார். 1936-இல் அரசுக்கும் அச்சங்கத்துக்கும் உள்ள உறவை வரையறுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அப்போது போலந்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்தன. 1939-இல் சோவியத் படையும் 1941-இல் ஜெர்மன் படையும் இப்பகுதியைப் பிடித்தன. போர் முடிந்து எல்லை மேற்கே நகர்ந்தபோது தாத்தார்கள் வாழ்ந்த இடங்களில் மிகப்பெரும்பாலானவை சோவியத் பக்கம் போய்விட்டன. எல்லைக்கு இப்பால் எஞ்சிய பழைய பள்ளிவாசல்கள் குருஷினியானியிலும் பொஹோனிகியிலும் இருந்த இரண்டே. வில்னியஸ் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கிதான்ஸ்க், கோஜுவ் போன்ற ஊர்களில் குடியேறினார்கள். பொட்லாசியேயில் இருந்தவர்களும் வேலைக்காக பியாவிஸ்தோக்குக்கு நகர்ந்தார்கள். குருஷினியானிக்கு இன்று கிடைத்திருக்கும் தேசிய முக்கியத்துவம் பெருமளவுக்கு இந்த எல்லைக்கோட்டின் விளைவு என்பேன். கோடு சில கிலோமீட்டர் மேற்கே விழுந்திருந்தால் அது பெலருஸின் பழைய தாத்தார் ஊர்களில் ஒன்றாக இருந்திருக்கும், நீங்கள் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டீர்கள்.

இன்னும் முஸ்லிம்கள் வாழ்கிறார்களா என்ற கேள்விக்கு: வாழ்கிறார்கள், மிகச் சிலர். இருநூறு பேருக்குள் வாழும் ஊரில் தாத்தார்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் போலந்து முழுவதிலும் தங்களைத் தாத்தார் என்று பதிந்துகொண்டவர்களே ஏறத்தாழ 1,900 பேர்தான். ஆனால் நோன்புப் பெருநாளுக்கும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் பியாவிஸ்தோக்கிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து சேர்கின்றன. ஊரின் வாழ்வாதாரம் இப்போது பெருமளவு சுற்றுலாதான்; அதற்குப் பள்ளிவாசலுக்கு ஈடாக உணவும் உதவுகிறது. மெல்லிய மாவுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையே கறியோ பாலாடைக்கட்டியோ ஆப்பிளோ நிரப்பி, சுருட்டி, நத்தை ஓடுபோல் வளைத்துச் சுடும் பியெரெகச்செவ்னிக்குக்கு 2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மரபுணவுச் சான்று கிடைத்தது. 2010-இல் அப்போது பிரிட்டிஷ் இளவரசராக இருந்த சார்லஸ் ஊருக்கு வந்துபோனார். 2012-இல் குருஷினியானி, பொஹோனிகி ஆகிய இரு ஊர்களின் பள்ளிவாசல்களும் மையவாடிகளும் நாட்டின் வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

இதையெல்லாம் வைத்து எல்லாம் சுமுகம் என்று எழுதுவோர் 2014-ஐத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் யாரோ பள்ளிவாசல் சுவரில் பன்றியின் உருவத்தை வரைந்துவிட்டுப் போனார்கள். 2021-இல் பெலருஸ் வழியாக அகதிகள் வரத் தொடங்கி, எல்லையோரப் பட்டையில் போலந்து அரசு நெருக்கடி நிலை அறிவித்தபோது, வெளியாட்கள் நுழைய முடியாமல் போய்ச் சுற்றுலாவை நம்பியிருந்த பகுதி முடங்கியது. எல்லையைக் கடக்கும் முயற்சியில் இறந்த முஸ்லிம் அகதிகள் சிலரை பொஹோனிகி ஜமாஅத்தார் தங்கள் மையவாடியில் அடக்கம் செய்தார்கள்.

நேரில் போக நினைத்தால் பியாவிஸ்தோக்கிலிருந்து காரில் போவதே நல்லது. வழியில் கிரின்கியையும் பார்க்கலாம்: வட்டமான சந்தைத் திடலிலிருந்து பன்னிரண்டு தெருக்கள் ஆரக்கால்போல் பிரியும் அபூர்வமான நகர அமைப்பு, போருக்கு முன் யூதர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்து தோல் பதனிட்ட ஊர். எல்லையோரத்தில் நடமாட்ட விதிகள் அடிக்கடி மாறுவதால், புறப்படுமுன் அவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.